ஒரே கார்டுல பத்து நிமிஷம் (கடிதம்)

வணக்கம் அண்ணா,

போன வாரம் பேச்சுவாக்குல மைக்கேல் ரோட்டர்னு ஒரு ஜெர்மன் கிட்டாரிஸ்ட் பேரச் சொல்லியிருந்தீங்க, சரின்னு அவரோட நொய் பேண்டு போட்ட ஹாலோகாலோங்கற பாட்டக் கேட்டேன். பத்து நிமிஷம் ஒரே கார்டு (chord, சில சுரங்கள ஒண்ணா சேத்து மீட்டறது), ஒரே டிரம்ஸ். கிட்டார் மட்டும் முன்னாடி வந்து வித்தை காட்டுற சோலோ எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன், பாட்டே முடிஞ்சுபோச்சு. அப்புறம் தேடிப் படிச்சா ஆளு கிராஃப்ட்வெர்க்ங்கற பெரிய ஜெர்மன் பேண்டுல இருந்து வெளிய வந்தவர், இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி கூப்பிட்டும் கூட வாசிக்காதவர். கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டல. இவர எதுக்கு இவ்ளோ தூக்கி வச்சுப் பேசுறீங்க?

(பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட ஒரு வாசகர்)

தம்பி,

சோலோவுக்குக் காத்திருந்தேன்னு எழுதுனதப் படிச்சு சிரிச்சுட்டேன், மொதோ தடவ நானும் அதேதான் செஞ்சேன். வராது. வாசிக்கத் தெரியாம இல்ல. 1950ல ஹாம்பர்க்ல பொறந்தவர், டியூசல்டார்ஃப்ல ஸ்கூல் படிக்கறப்பவே ஒரு பேண்டுல சேந்து கிளாப்டன், ஹென்ட்ரிக்ஸ்னு பெரிய கிட்டாரிஸ்ட் எல்லாரையும் காப்பியடிச்சுப் பழகுன கை அது. ஒரு கட்டத்துல இதெல்லாம் இரவல் சட்டைன்னு அவருக்கே உறைச்சுப்போய் புளூஸ், வேக வாசிப்பு, சோலோ, கார்டு மாத்தறதுன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் போட்டார், மிச்சம் நின்னது நீங்க கேட்ட அந்த ஒரு கார்டு.

இதுல கராச்சிக்கும் பங்கு உண்டு. அப்பாவுக்கு ஏர்லைன்ஸ்ல வேலை, அதனால 60கள் ஆரம்பத்துல சின்னப் பையனா சில வருஷம் அங்க இருந்திருக்கார். தெருவுல கேட்ட பாட்டு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியாம போய்க்கிட்டே இருந்தது மனசுல தங்கிருச்சுன்னு பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்கார். தம்புரா சுருதி கேட்டு வளந்த நமக்கு ஒரே கார்டு போரடிக்குதுன்னா எப்படி தம்பி!

கிராஃப்ட்வெர்க் கதை சின்னது. 1971ல ரால்ஃப் ஹூட்டர் விலகி படிக்கப் போயிருந்த சில மாசம் ஃப்ளோரியன் ஷ்னைடரோட இவரும் டிரம்மர் கிளவுஸ் டிங்கரும் மேடை ஏறுனாங்க, ஸ்டூடியோவுக்குள்ள ஒத்து வரல, இவங்க ரெண்டு பேரும் நொய் ஆரம்பிச்சாங்க. அந்த டிசம்பர்ல ஹாம்பர்க்ல நாலு ராத்திரில மொத ஆல்பம் முடிஞ்சுது, கூட இருந்தது கோனி பிளாங்க்ங்கற சவுண்ட் இன்ஜினியர். டேப்ப திருப்பிப்போட்டு கிட்டார பின்னோக்கி ஓட விட்டது அவர் வேல. ஹெட்போன்ல கேளுங்க, டிரம்ஸ் நேர்க்கோடா ரோடு மாதிரி போகும், அதுக்கு மேல ஒரு கிட்டார் அமுக்கி அமுக்கித் தட்டும், இன்னொண்ணு வாவா பெடலால (கால்ல அமுக்கி சத்தத்த மாத்தறது) முனகும், வேற ஒண்ணு இழுத்துக்கிட்டு தூரத்துல போகும். எதுவும் முன்னாடி வந்து நின்னு தன்னைக் காட்டிக்காது. நான் ஒருநாள் கிட்டார எடுத்து கூடவே வாசிச்சுப் பாத்தேன், மூணாவது நிமிஷமே கை எதையாவது பண்ணித் தொலைக்கணும்னு துடிக்குது, அப்பத்தான் புரிஞ்சுது இது எவ்ளோ கஷ்டம்னு.

ரெண்டாவது ஆல்பத்துல பாதிலயே காசு தீந்துபோச்சு. ஏற்கனவே சிங்கிளா வந்த ரெண்டு பாட்டையும் ரெக்கார்ட் பிளேயர்ல 16, 78னு (நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்கற கணக்கு) வேகத்த மாத்தி ஓடவிட்டே ரெண்டாவது பக்கத்த ரொப்பிட்டாங்க. அப்ப ஏமாத்து வேலன்னு திட்டுனாங்க, இப்ப ரீமிக்ஸுக்கு முன்னோடிங்கறாங்க. எனக்கு ரெண்டுமே சரியாத்தான் படுது, பாதி கேட்க சகிக்காது. ஆனா அந்த 16ல ஓடுனது 1976ல ஒரு குங்ஃபூ படத்துல வில்லனுக்கு தீம் மியூசிக்காச்சு, அவ்ளோ மிரட்டலா இருக்கும்.

போவி விஷயத்துல நீங்க படிச்சது அரைகுறை. 1977ல போன்ல பேசுனாங்க, ரோட்டர் ஆர்வமாத்தான் இருந்தார். அப்புறம் யாரோ போன் பண்ணி போவிக்கு இனி நீங்க தேவைப்படலைன்னுட்டாங்க, போவி என்னடான்னா ரோட்டர் மாட்டேன்னுட்டார்னே நம்பிக்கிட்டு இருந்தார். நடுவுல நாரதர் வேல பாத்தது யாரோ. அதே வருஷம் இவரோட மொத தனி ஆல்பம் ஃபிளாமெண்டே ஹெர்ட்சன் வந்துச்சு, கேன்ங்கற இன்னொரு ஜெர்மன் பேண்டோட யாக்கி லீபெட்சைட் டிரம்ஸ், நல்லாவே வித்துச்சு. எட்டலன்னு சொல்ல இதுல என்ன இருக்கு?

1973லயே வேசர் ஆத்தங்கரைல ஃபோர்ஸ்ட்டுங்கற ஊர்ல ஒரு பழைய வீட்டுக்குப் போய் மோபியஸ், ரோடெலியஸ்னு ரெண்டு இசைக்கலைஞர்களோட ஹார்மோனியாங்கற பேண்ட ஆரம்பிச்சார். 1976ல இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோவே அங்க தேடி வந்து தங்கி வாசிச்சுட்டுப் போனார், அந்த டேப் 1997லதான் வெளிய வந்துச்சு.

அடுத்து ஹார்மோனியாவோட டீலக்ஸ் ஆல்பம் கேளுங்க, 1975ல வந்தது. ராத்திரி பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா இன்னும் நல்லது. சோலோவத் தேடாதீங்க.