மருந்து கேள்வி–பதில்: இரண்டு வலி மாத்திரை சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. முட்டி வலிக்கு கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். வலி குறையவில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் போன்ஸ்டானையும் சேர்த்துக் கொடுக்கலாமா? பிரஷருக்கு பெரிண்டோப்ரில் சாப்பிடுகிறார்.
— வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: வேண்டாம் அம்மா. பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வகை, இபுபுரோஃபெனும் அப்படியே. சேர்த்தால் வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுப் புண்தான் கூடும். வலியை உண்டாக்கும், உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற அதே வேதிப்பொருள்தான் இரைப்பையின் உள்தோலையும் சிறுநீரக ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. மாத்திரை அதையும் சேர்த்து அடக்கிவிடும். பெரிண்டோப்ரில் எடுப்பவருக்குச் சிறுநீரகம் இன்னும் எளிதில் பாதிக்கும். சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும் இருந்தால் ஆபத்து அதிகம். எனவே எல்லா மருந்து அட்டைகளையும் கிளினிக்கில் காட்டி, டைக்ளோஃபெனாக்கைத் தொடரலாமா என்று இன்றே கேளுங்கள்.

தொடரச் சொன்னால் சாப்பிட்டதும், ஒரு கிளாஸ் தண்ணீருடன், முழுதாக விழுங்கட்டும். நொறுக்கினால் மேல்பூச்சு போய்விடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். இடையில் வலித்தால், கல்லீரல் கோளாறு இல்லையென்றால், 500 மில்லிகிராம் பனடோல் (பாராசிட்டமால்) ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது.

மலம் தார்போல் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்து கால் வீங்கினாலோ, டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.