எது காத்திருக்கும், எது காத்திருக்காது

அன்புள்ள சார்,

நான் ஜேசி (ஜூனியர் காலேஜ்) இரண்டாம் வருஷம் படிக்கிறேன், இயற்பியல், வேதியியல், கணிதம். சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் கோயில் நிகழ்ச்சிகளுக்கு ஒலி மிக்சரில் உட்காருவது நான்தான். ஒலிப்பதிவு படிக்க ஆசை. “கல்யாணத்துக்கு மைக் செட் போடவா ஜேசிக்கு அனுப்பினேன்?” என்கிறார் அப்பா. அறிவியல் பட்டம் எடுத்தால் டீச்சராகவாவது போகலாம் என்பது அவர் கணக்கு. பாட்டியை எலும்பு ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து, கதிரியக்கப் பொருளை வைத்து உடம்பைப் பார்க்கும் நியூக்ளியர் மெடிசின் மேலும் ஒரு கண். மூன்றில் எதை எடுக்க?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பா சொன்னதில் பாதி சரி. சிங்கப்பூரில் ஒலி வேலை என்றால் பாட்டு ரெக்கார்டிங் மட்டும் இல்லை. மாநாடு, மேடை நாடகம், தேவாலயம், தொலைக்காட்சி, விளம்பரம் என்று நேரடி நிகழ்ச்சி வேலைதான் நிறைய, அதிலும் ஃப்ரீலான்ஸாக ஓடுபவர்கள் ஏராளம். மைக் செட் போடுவதைக் கேவலமாக நினைக்கிற ஆள் அந்தத் துறைக்கே போகக் கூடாது. நீ அப்படி நினைக்கவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முதலில் நியூக்ளியர் மெடிசின், ஏனென்றால் நீ குழம்பியிருப்பது அதில்தான். பாட்டிக்கு ஊசி போட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்திருப்பார்கள், இல்லையா? அந்த ஊசியில் போவது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்து. எலும்பு எங்கே மும்முரமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறதோ அங்கே அது அதிகமாகப் போய் ஒட்டும், மிச்சம் சிறுநீரில் வெளியேறும், அதற்குத்தான் அந்தத் தண்ணீர். பிறகு, அது விடும் காமா கதிரைப் பிடிக்கும் காமா கேமராவில் படம். எக்ஸ்ரே மாதிரி அந்தக் கேமரா எதையும் உடம்புக்குள் பாய்ச்சுவதில்லை, உள்ளேயிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை எட்டு மணிக்கு இருந்தது மதியம் இரண்டுக்குப் பாதி. அதனால் அதை வாங்கி அலமாரியில் அடுக்க முடியாது. 66 மணி நேர அரை ஆயுள் உள்ள, சிதைந்து டெக்னீசியமாக மாறுகிற மாலிப்டினம்-99 இருக்கும் ஜெனரேட்டர் என்ற கலத்தை வரவழைத்து, அதற்குள் உப்புநீரைச் செலுத்தி, ஊறியிருக்கிற டெக்னீசியத்தைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்வார்கள். துறைக்காரர்கள் இதைப் பால் கறப்பது என்றே சொல்வார்கள். பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18 இன்னும் மோசம், 110 நிமிஷம்தான், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

சரி, இதற்குள் எப்படிப் போவது? ஒரே வாசல் இல்லை. படமெடுக்கும் பக்கம் போக வேண்டுமானால் எஸ்ஐடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம்) டயக்னாஸ்டிக் ரேடியோகிராஃபி பட்டம் இருக்கிறது, நியூக்ளியர் மெடிசினுக்கான பயிற்சி அதற்கு மேல். இயற்பியல் பட்டம் முடித்து மேற்படிப்பு படித்து மருத்துவ இயற்பியலாளராகலாம். வேதியியல் வழியாக அந்த மருந்தைத் தயாரிக்கும் பக்கம் போகலாம். படத்தைப் படித்துச் சொல்வது டாக்டர், அது வேறு பாதை. ஆக, இது பதினெட்டு வயதில் முடிவு பண்ணியே ஆக வேண்டிய விஷயம் இல்லை. இருபத்திரண்டிலும் கதவு திறந்துதான் இருக்கும்.

அறிவியல் பட்டத்துக்கும் அவசரம் இல்லை. என்யூஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) 2021 முதல் கலையும் அறிவியலும் ஒரே கல்லூரிக்குள் வந்துவிட்டன, உள்ளே போய்ப் பொதுப் பாடங்களைப் படித்த பிறகு மேஜரை முடிவு பண்ணலாம். டீச்சர் வேலை மட்டும்தான் என்று அப்பா நினைத்தால் அவரைக் கெண்ட் ரிட்ஜில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. 2015-ல் ஜூரோங் தீவுப் பக்கம் செத்து மிதந்த திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே தொங்குகிறது. அழுகிய உடம்பை அறுத்து, வயிற்றிலிருந்து கணவாய் அலகுகளையும் பிளாஸ்டிக் குவளைகளையும் எடுத்தவர்கள் அருங்காட்சியகத்துக்காரர்கள்தான். (அந்த நாற்றத்தை நினைத்தால் எனக்கு டீச்சர் வேலையே தேவலாம் என்று தோன்றும்.)

காத்திருக்காதது காது. ஒலிப்பதிவை எப்போது வேண்டுமானாலும் கற்கலாம், உண்மைதான், ஆனால் இன்றைக்கு வாரா வாரம் மிக்சரில் உட்காரும் கை, நான்கு வருஷம் விட்டால் அப்படியே இருக்காது. என்யூஎஸ்ஸிலேயே யோங் சியூ தோ இசைக் கல்லூரியில் ஒலிக்கலையும் அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. இடங்கள் கொஞ்சம்தான், தேர்வு முறையும் வேறு, ஏ லெவல் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, விண்ணப்பத் தேதியை இப்போதே பார்த்துவிடு. என் யோசனை: அதற்கு முதலில் முயற்சி செய். கிடைக்காவிட்டால் அறிவியல், இயற்பியல் பக்கமாக. அப்போதும் மைக்கைக் கீழே வைக்காதே. வௌவால் ஆராய்ச்சிக்காரர்களைக் கேள்: பெரும்பாலான வௌவால்களின் கத்தல் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, சாம்பிள் ரேட்டில் பாதிக்கு மேலே உள்ள ஒலி பதியாது என்பதால், உன் கோயில் செட்டிங்கான 44.1 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பதிந்தால் கோப்பில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, 192-க்காவது போக வேண்டும். இயற்பியலும் தெரிந்து மைக்கும் பிடிக்கத் தெரிந்தவரை அந்த இடத்தில் தேடுவார்கள்.

அடுத்த திருவிழாவில் நாதஸ்வரத்தையும் தவிலையும் நீயே பதிந்து பார். நாதஸ்வரத்துக்குக் கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) நன்றாக இறக்கி வை. தவிலில் வலது பக்கமான வலந்தலையில் விழும் விரல் கூடுகளின் ஒலியும், இடது பக்கமான தொப்பியில் விழும் குச்சியின் ஒலியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு மைக் போதாது. நன்றாக வந்தால் விண்ணப்பத்தோடு சேர். எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே.