வீடு மாமியார் பெயரில் இருந்தால் மருமகளை வெளியே அனுப்ப முடியுமா?

கணவர் அடிக்கிறார், வீடும் மாமியார் பெயரில் இருக்கிறது, எனக்கு என்ன உரிமை என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேயே தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் 17-ஆவது பிரிவு அதைத் தருகிறது. கணவருக்குச் சொந்தமில்லாத வீட்டில் மனைவி உரிமை கேட்க முடியாது என்ற பழைய தீர்ப்பை 2020-இல் உச்ச நீதிமன்றமே மாற்றிவிட்டது. நீதிமன்ற நடைமுறை இல்லாமல் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க யாருக்கும் அதிகாரமில்லை.

"அவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அடி நின்றால் போதும்" என்று பலர் தயங்குகிறார்கள். சரி, அதற்கும் இதில் வழி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால், அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள் வர வேண்டும். அவசரமென்றால் கணவர் நீதிமன்றத்துக்கு வராமலேயே, அவர் உங்களை அடிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கிடைக்கும். அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பாதுகாப்பு அலுவலர்கள் போதவில்லை, இது அரசு உடனே சரிசெய்ய வேண்டிய குறை. அதனால் அவர்களை மட்டும் நம்பியிராமல், ஆஸ்பத்திரிச் சீட்டு, காயத்தின் போட்டோ, மிரட்டல் மெசேஜ் எல்லாவற்றையும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இரவில் ஆபத்தென்றால் பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.