வியாசர்பாடி மாலை வகுப்புக் குழுவில் இட ஒதுக்கீட்டுச் சண்டை

உங்கள் மாலை வகுப்புக் குழுவில் இருவர் இட ஒதுக்கீடு பற்றிச் சண்டை போடுவதாக எழுதியிருந்தீர்கள். அதில் அவர்களை ஒத்துப்போக வைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பொருளை வையுங்கள்: உங்கள் பகுதியில் யாரும் சாக்கடைக்குள் இறங்கக் கூடாது என்று ஒரு மனு. இரு தரப்பினரும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்றே நினைக்கிறேன். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அதையும் மனுவில் எழுதுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒருவர் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டை, அதாவது சாதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இடம் கிடைப்பதைப் பற்றிப் பேசுகிறார். மற்றவருக்குத் தன் வீட்டு வறுமைதான் கண்ணில் நிற்கிறது. அதனால் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு என்று 2019-இல் வந்த 10 சதவீத ஒதுக்கீட்டைப் பிடித்துக்கொள்கிறார். அந்த வறுமையும் பொய்யில்லை. ஆனால் அந்த 10 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் உள்ள ஏழைகளுக்குக் கிடையாது. இதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள், பலர் முன்னால் வேண்டாம்.

இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்று பார்க்க ஒரு வழி: எதிராளியின் வாதத்தை ஒவ்வொருவரும் சொல்லட்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரை பதில் வாதம் கூடாது.

ஒன்று மட்டும். யாராவது சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினால் அங்கே சமரசம் தேடாதீர்கள். கூட்டத்தை நிறுத்திவிட்டு, பாதிக்கப்பட்டவர் பக்கம் நில்லுங்கள்.