வாசகர் கேள்வி–பதில்: நோராவின் இரண்டு முடிவுகள்

கேள்வி: நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில், நோரா வீட்டை விட்டுப் போகாமல் பிள்ளைகளுக்காகத் தங்கிவிடுவதாக வேறொரு முடிவும் உண்டு என்று படித்தேன். அது யாரோ செய்த இடைச்செருகலா? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட முடியாது, எழுதியவர் இப்சனேதான். நாடகம் 1879 டிசம்பர் 4 அன்று கோபன்ஹேகனில் நூலாக வெளிவந்தது. அதே மாதம் 21 அன்று அந்நகரின் அரச நாடக அரங்கில் மேடையேறியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே என்ற புகழ்பெற்ற நடிகை, தாய் தன் குழந்தைகளை விட்டுப் போகும் காட்சியில் நடிக்க மறுத்துவிட்டார். அக்காலத்தில் ஜெர்மனியில் இப்சனின் நூல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால், யார் வேண்டுமானாலும் முடிவைத் திருத்தி மேடையேற்றிவிடலாம் என்ற நிலை இருந்தது. பிறர் கைவைப்பதைவிடத் தானே எழுதுவது மேல் என்று கருதிய இப்சன், சில வரிகளை எழுதித் தம் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினார். அதில் கணவன் ஹெல்மர் நோராவைக் குழந்தைகள் உறங்கும் அறையின் வாசலுக்கு இழுத்துச் செல்ல, அவள் அங்கேயே தளர்ந்து சரிகிறாள், திரை விழுகிறது. ஆனால் 1880 பிப்ரவரியில் டேனிஷ் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மாற்றம் நாடகத்தின் மீது நிகழ்த்தப்பட்ட காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஆசிரியர் எழுதியது என்பதும் ஆசிரியர் விரும்பியது என்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தினர் 2005 முதல் 2010 வரை வெளியிட்ட 'ஹென்ரிக் இப்சனின் எழுத்துகள்' என்ற ஆய்வுப்பதிப்பு, கையெழுத்துப் படிகள், அச்சுப் படிகள், கடிதங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைப் பதிவு செய்கிறது. அதற்கு முன் 1928இல் தொடங்கி 1957 வரை நீண்ட நூற்றாண்டுப் பதிப்பு 21 தொகுதிகளாக வந்தது. அவற்றைப் பதிப்பித்தவர்களின் பொறுமையை எண்ணினால் எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

கேள்வி: தாம் பெண்ணுரிமைக்காக எழுதவில்லை என்று இப்சனே சொன்னாராமே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சொன்னார். 1898 மே 26 அன்று நார்வே பெண்ணுரிமைச் சங்கம் அளித்த விருந்தில், தாம் அந்த இயக்கத்துக்காக உணர்ந்து உழைத்தவர் அல்லர் என்றும், மனிதர்களைச் சித்திரிப்பதே தம் பணி என்றும் பேசினார். இந்த ஒற்றைப் பேச்சை மட்டும் கொண்டு 'பொம்மை வீடு' நாடகத்துக்கும் பெண்களுக்கும் தொடர்பில்லை என்று நிறுவ முயன்ற திறனாய்வாளர்கள் பலர். அவர்களை 1989இல் ஜோன் டெம்பிள்டன் என்ற ஆய்வாளர் கடுமையாக மறுத்தார். எனக்கும் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. ஏனெனில் 1878 அக்டோபரில் ரோமில் இந்நாடகத்துக்காக இப்சன் எழுதிய முன்குறிப்பு, ஆண்கள் இயற்றிய சட்டங்களால் ஆளப்படும் ஆண்களின் சமூகத்தில் ஒரு பெண் தானாக வாழ முடியாது என்றே பேசுகிறது. மணமான பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டு 1884இல் நார்வே நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட மனுவிலும் அவர் கையொப்பம் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிந்திய விருந்துப் பேச்சைவிட, நாடகம் கருக்கொண்ட நாளில் எழுதிய குறிப்புக்கே நான் அதிக எடை தருவேன்.