வீட்டில் பியர் குழாய் இருந்தால் குடி கூடுமா? எனக்குக் கூடியது

வீட்டிலேயே பியர் வடித்து, குழாயைத் திருகினால் வரும்படி வைத்திருப்பவர்கள் முன்பைவிடக் கூடக் குடிப்பார்களா, குறையக் குடிப்பார்களா என்பது கேள்வி.

கேட்டவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றே நினைக்கிறேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் வடித்தால் கேள்வி குடியைப் பற்றி இருக்காது, பிணை எடுப்பதைப் பற்றி இருக்கும். வீட்டில் யாரோ ஏற்கெனவே முகத்தைச் சுளித்திருக்கிறார்கள் என்பதும் என் ஊகம். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரன். எங்கள் வளவில் குழாய் இல்லை, வேலியோரம் மூன்று பனை இருந்தது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை சீவுகிறவர் காலையும் மாலையும் ஏறுவார். மரத்துக்குக் குத்தகையாகக் காசு வேண்டாம், பின்னேரம் ஒரு போத்தல் கள்ளு தந்தால் போதும் என்பது அப்பா காலத்து ஏற்பாடு. இருபத்தைந்து வருடம் அந்த ஒரு போத்தலைத் தாண்டியதில்லை. மிஞ்சினால் மனிசி அப்ப மாவுக்குள் விட்டுவிடுவாள். ஆகவே 'கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் குடித்துக்கொண்டே இருப்பான்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என்னைப் பார் என்பேன்.

2019இல் அந்த வாய் அடைபட்டது.

வைகாசியில் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கள்ளுப் பருவத்தின் நடுவில் போக வேண்டியிருக்கிறதே என்ற கவலையோடுதான் விமானம் ஏறினேன். போனால், மச்சான் நிலக்கீழ் அறையில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் கதவில் துளை போட்டுக் குழாய் பூட்டி வைத்திருக்கிறார். உள்ளே 19 லீற்றர் உருளை. ஒரு காலத்தில் சோடாக் கம்பனிகள் பாவித்த வகையாம். பக்கத்தில் காபனீரொட்சைட்டு சிலிண்டர். அங்கே சொந்தப் பாவனைக்கு வடிப்பது சட்டப்படி சரி. மோல்ட் பாகை (முளைவிட்ட பார்லியில் எடுத்த பாகு) தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் என்ற பூவைப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஈஸ்ற் தூவி, இரண்டு கிழமை வாளியில் மூடி வைப்பார். அது கொதிக்கும்போது வந்த வாசத்துக்கு எனக்குப் பனங்கட்டி காய்ச்சுகிற கொட்டில்தான் ஞாபகம் வந்தது.

முதல் கிழமை இரவில் ஒரு கிளாஸ். மரியாதையாக. மூன்றாம் கிழமை நிலைமை மாறியது. உடுப்புத் தோய்க்கிற இயந்திரமும் அதே அறையில்தான் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். உடுப்புப் போடப் போனால் அரைக் கிளாஸ். எடுக்கப் போனால் அரைக் கிளாஸ். அரைக் கிளாஸை யார் கணக்கில் எடுப்பார்கள்? தங்கச்சிக்கு உதவி செய்கிறேன் என்ற பெயர் வேறு.

அந்த ஊர்ப் பெரிய கிளாஸ் 473 மில்லிலீற்றர். அந்தக் கணக்கில் ஒரு உருளை நாற்பது கிளாஸ். மச்சானுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். அது பதினோராம் நாள் காற்று விட்டது. அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை, பாவம். குழாய் ஒழுகுகிறது என்று நினைத்து மூட்டெல்லாம் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தார். நானும் ரோச் பிடித்துக்கொண்டு கூடவே தேடினேன். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். தங்கச்சி படியில் நின்று, "ஒழுக்கு இப்ப ரோச் பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்றாள்.

கள்ளு இருந்தும் குடிக்காதவன் பியரில் ஏன் விழுந்தேன் என்று கனக்க யோசித்தேன். என்னுடைய அடக்கம் என்று நான் நினைத்தது உண்மையில் கள்ளினுடைய அடக்கம். அது காத்திருக்காது. முட்டியிலேயே புளிக்கத் தொடங்கி, அடுத்த நாள் காடியாகப் போய்விடும். ஒரு போத்தல் முடிந்தால் முடிந்ததுதான், இன்னொன்று வேண்டுமென்றால் கள்ளு விற்கிற தவறணைக்குப் போய் நாலு பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். குழாய்ப் பியரோ குளிரில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். அதற்கு அடியும் தெரியாது, எண்ண வெற்றுப் போத்தலும் கிடையாது.

மச்சானுக்கு அப்படி இல்லை. முதல் வருடம் தானும் கூடத்தான் குடித்தாராம், பிறகு வடிப்பதில் இருந்த ருசி குடிப்பதில் இல்லாமல் போய்விட்டதாம். ஆகவே ஆளைப் பொறுத்தது. நான் எல்லாருக்கும் சட்டம் சொல்லவில்லை, குடிக்கச் சொல்லவும் இல்லை, கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம்.

தங்கச்சியின் மகள், தாதியியல் படிக்கிற மருமகள்தான் கணக்குப் பார்த்தாள். கனடாவில் குடியைக் கணக்கிடும்போது 5 வீத பியர் 341 மில்லிலீற்றரை ஒரு அளவு என்பார்கள். அப்படியென்றால் பெரிய கிளாஸ் ஏறக்குறைய ஒன்றரை. அதோடு விட்டாளா? "மாமா, உங்கட கள்ளுப் போத்தல் 750 தானே, அதுவும் 5 வீதம் என்றால் இரண்டுக்கு மேல வருது" என்றாள். கள்ளின் வீரியம் மரத்துக்கு மரம், மணிக்கு மணி மாறும் என்று வாதாடினேன். சிரித்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மச்சான் வீட்டுக்கு வந்த ஊர்ச்சனம் அந்தப் பியரை மூக்கில் பிடித்து, தோடம்பழ வாசம் வருகிறது, நல்ல பொழுதுபோக்கு என்று புகழ்ந்தது. இதே ஆட்கள் எங்கள் திண்ணையில் கள்ளுக் குடிக்கிற ஓலைப் பிளாவைக் கண்டால் மூக்கைப் பொத்துவார்கள். வடித்தவர் மச்சான் என்றால் கலை, சீவியவர் பனையேறி என்றால் இழிவு. இதற்குள் சாதி இருக்கிறது, அதைச் சுற்றி வளைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கென்று தறித்த பனைக்குக் கணக்கில்லை. மிஞ்சியதில் என் எல்லையில் நின்ற இரண்டை, நான் கனடாவில் இருந்த நேரம் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வந்த பக்கத்து வளவுக்காரர் மதில் கட்டவென்று தறித்துவிட்டார். பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதாம். சரி, கேள்விக்கு வருகிறேன்.

மச்சான் செய்த வைத்தியம் எளிது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, பேனையை நூலில் கட்டித் தொங்கவிட்டார். ஊற்றினால் ஒரு கோடு, அரைக் கிளாஸுக்கும் முழுக் கோடு. அந்த அநியாயச் சட்டத்தால் என் கணக்கு ஒரு கிழமைக்குள் பாதியாக இறங்கியது.

தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். மருமகள் படம் அனுப்பினாள். தகப்பனின் பெயருக்குக் கீழே ஏழு கோடு. என் பெயருக்குக் கீழே இடம் போதாமல் பின்பக்கம் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது.