மகள் நாய்க்குட்டி கேட்கிறாள், வாங்கலாமா?

கேள்வி: எட்டு வயது மகள் நாய்க்குட்டி வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். இரண்டாம் மாடி ஃபிளாட். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். வாங்கித் தரலாமா?
– வாசகி, மதுரை

பதில்: மகள் இருக்கட்டும், உங்கள் இருவரில் யார் நாய் வளர்க்கப் போகிறீர்கள்? எட்டு வயதுப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும், முடியைச் சீவிவிடும். விடிகாலையில் வெளியே கூட்டிப்போவதும் ஊசி போட அழைத்துப்போவதும் பெரியவர் வேலை. அதுவும் 12, 13 வருடத்துக்கு.

இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. சாப்பாடும் நான்கு வேளை. பகலில் ஆள் இல்லாத வீட்டுக்குக் குட்டி வேண்டாம். குழந்தைகளோடு பழகிய, இரண்டு வயதான நாட்டு நாயைத் தத்தெடுங்கள். வேட்டை நாய்களான ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓட இடம் கேட்கும். குளிர்ப்பிரதேச நாயான ஹஸ்கியா? மதுரை வெயிலில் பாவம் அது.

குட்டிதான் என்றால், எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்கும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி 6–8 வாரத்தில் தொடங்கி, மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை. ரேபிஸ் (வெறிநோய்) ஊசி மூன்றாம் மாதம். அடுத்தடுத்த ஊசிகளைக் கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் போடுங்கள்.

சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிவையுங்கள். இருவரையும் தனியே விடாதீர்கள். பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 'நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே' என்று இருந்துவிடாதீர்கள்.